முள் நிற்க வேண்டிய இடம்

போன மாதம் மகள் என்னைப் புனேயின் பாணேர்ப் பகுதியில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு காபிக் கடைக்கு அழைத்துப் போனாள். காபி எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். கோயம்புத்தூர்க்காரியிடம் அதையெல்லாம் கேட்கக் கூடாது. நான் சொல்ல வந்தது அந்தக் கடையின் சுவரைப் பற்றி. சுவர் முழுக்கப் பழைய மின் மீட்டர்களை வரிசையாகப் பதித்து வைத்திருந்தார்கள். ஆம்பியர் மீட்டர், வோல்ட் மீட்டர், ஜெனரேட்டரில் இருக்கும் ஹெர்ட்ஸ் மீட்டர்கூட இருந்தது. கறுப்புச் சட்டம், வெள்ளை முகம், மெல்லிய முள். பின்னால் ஒரு கம்பி கிடையாது. எல்லாம் அழகுக்காம்.

எங்கள் மேசைக்கு நேர் மேலே இருந்த ஆம்பியர் மீட்டரில் முள் சுழியத்துக்கு ஒரு மயிரிழை கீழே தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. அந்த மீட்டர்களின் முகத்திலேயே, முள்ளின் அடியில், ஒரு சின்னத் திருகு இருக்கும். முள்ளைச் சுழியத்தில் நிறுத்துவதற்கென்றே வைத்தது. கைப்பையைத் துழாவி நகவெட்டியை எடுத்து, அதன் அரத்தை நீட்டி, எழுந்து நின்று திருக ஆரம்பித்தேன்.

மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மா, சோட் நா, விடும்மா. எல்லாரும் பாக்கறாங்க. அது கனெக்ட்டே ஆகலை."

"கனெக்ட் ஆகாதது அதோட தப்பா கண்ணு? நிக்க வேண்டிய எடத்துல நிக்கட்டும்" என்றேன்.

மூக்கை அவ்வளவு பக்கத்தில் கொண்டுபோனதில்தான் அந்த வாசனை வந்தது. பேக்லைட்டும் தூசியும் கொஞ்சம் வார்னிஷும் கலந்த வாசனை. முகர்ந்த மாத்திரத்தில் நான் பாணேரில் இல்லை, போசரியில் இருந்தேன்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் கல்யாணமாகி புனே வந்தேன். அவருக்கு வங்கியில் வேலை. ஔந்தில் வாடகை வீடு. நான் எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்து, கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் மோட்டார் சோதிக்கும் மேடையில் கொஞ்ச காலம் நின்றவள். அங்கே நாள் முழுக்க முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். புனேயில் பகலெல்லாம் பேச ஆளில்லை. இந்தி எனக்குச் சுத்தமாக வராது, மராட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காய்காரரிடம் விரலைக் காட்டி வெண்டைக்காய் வாங்கிக்கொண்டிருந்தேன். இப்படியே போனால் எனக்குத் தமிழும் மறந்துவிடும் என்று பயந்துதான் வேலை தேடினேன்.

கிடைத்தது போசரித் தொழிற்பேட்டையில், குல்கர்ணி சாரின் பேனல் கூடத்தில். தொழிற்சாலைகளில் ஆளுயர இரும்பு அலமாரி மாதிரி நிற்குமே, விளக்கும் பொத்தானும் மீட்டரும் வைத்து, அதுதான் பேனல். மோட்டார்களெல்லாம் அதிலிருந்துதான் ஓடும். ஆறு மாதம் பார்க்கலாம், அப்புறம் சொல்கிறேன் என்றார் குல்கர்ணி சார். வயரிங் ஆண்களின் வேலை என்று அவராகவே தீர்மானித்துவிட்டு, எந்தப் பேனலுக்கு எந்த மீட்டர் என்று தேர்ந்தெடுக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார். வளையல் பொறுக்குவது மாதிரி என்று நினைத்தாரோ என்னவோ.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து அம்மாவிடம் சொன்னபோது, "ஏங் கண்ணு, முள்ளுப் பாக்கறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க? கடியாரக் கடையா அது?" என்று கேட்டாள். விளக்கிச் சொல்வதற்குள் பூத்தில் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. ஆமாம்மா, கடியாரக் கடை மாதிரிதான் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

முகத்தைத் துப்பட்டாவால் கொள்ளைக்காரி மாதிரி சுற்றிக் கட்டிக்கொண்டு, டீசல் புகை கக்கும் சிக்ஸ் சீட்டர் ஆட்டோவில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து போவேன். ஆறு பேர் என்று பெயர்தான், டிரைவரின் இரண்டு பக்கமும் ஆள் தொங்கும். இன்னொரு கூத்து, போசரியில் வார விடுமுறை வியாழக்கிழமை. அவருக்கு வங்கி ஞாயிற்றுக்கிழமை. புதிதாகக் கல்யாணமான நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் வீட்டில் இருப்பது பண்டிகைக்குப் பண்டிகைதான். "உன்னைப் பாக்கறதுக்கு நான் லீவு போடோணும் போல" என்பார். அப்படியும் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அந்தத் தூசிக்குள் இறங்கி நடக்கும்போது, இந்த ஊரில் நானும் ஒரு ஆள் என்று இருக்கும்.

மீட்டர் தேர்ந்தெடுப்பதில் அப்படி என்ன இருக்கிறது என்று நீங்களும் அம்மா மாதிரி கேட்கலாம். சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஏசியா டிசியா என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் உள்ளே இருக்கும் பொறி வேறு. டிசி மீட்டர் புதிதாக வந்தால், பின்புறத்து முனைகள் இரண்டையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துக் கட்டியிருப்பார்கள், லாரி குலுங்கும்போது முள் அலைந்து அடிபடாமல் இருக்க. பஸ்ஸில் தூங்கும் குழந்தையைச் சேர்த்து அணைத்துக்கொள்வோமே, அது மாதிரி. அப்புறம் அளவு. மோட்டார் நிதானமாக ஓடும்போது முள் மூன்றில் இரண்டு பங்கு தூரம் ஏறி நிற்க வேண்டும். பெரிய அளவாக எடுத்துவிட்டால் முள் மூலையில் சோம்பிக் கிடக்கும். சின்னதாக எடுத்தால் கடைசியில் போய் முட்டிக்கொண்டே இருக்கும். மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு மின்சாரம் இழுக்கும் என்பதால், வலது கோடியில் எண்களை நெருக்கிப் போட்ட முகமும் வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் முள் தலையில் அடித்துக்கொள்ளும். இதற்கெல்லாம் மேலே, பார்க்கப் போகிறவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்று தெரிய வேண்டும். அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

நான் சேர்ந்து சில மாதங்களில் பாவுசாஹேப்பின் வேலை வந்தது. மோஷிப் பக்கம் கல் குவாரியும் கல் உடைக்கும் கிரஷரும் வைத்திருந்தவர். பெரிய மீசை, வெள்ளைத் தொப்பி, எதையும் உடனே முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். கிரஷருக்குப் புதுப் பேனல் கேட்டார். மீட்டர் மட்டும் டிஜிட்டலாக இருக்க வேண்டும் என்றார். அவருடைய மைத்துனன் தொழிற்சாலையில் சிவப்பு எண்கள் எரிவதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அந்த வருஷங்களில் டிஜிட்டல் மோகம் அப்படி. முள் வைத்த பேனல் என்றால் பெண் பார்க்கப் போன இடத்தில் பழைய சேலையைக் கண்ட மாதிரி முகத்தைச் சுளிப்பார்கள்.

நான் இடத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். துணைக்கு அருள் வந்தார். எங்கள் கூடத்தில் பேனல்களைக் கொண்டுபோய் நிறுத்துபவர். தாத்தா காலத்தில் பட்டாள வேலைக்கு வேலூர்ப் பக்கமிருந்து வந்து இங்கே கட்கியிலேயே தங்கிவிட்ட குடும்பம். அவருடைய தமிழில் பாதி மராட்டி, கால்வாசி இந்தி. எனக்கு அது போதும். அந்த ஊரில் என் வாயும் காதும் அவர்தான்.

கிரஷரில் மேலே ஒரு மேடை. அங்கே தத்தூ என்பவர் நின்று, பொத்தானை அழுத்திக் கற்களை இயந்திரத்தின் வாய்க்குள் தள்ளுவார். வாய் என்றால் நிஜமாகவே வாய்தான், இரண்டு இரும்புத் தாடைகள். அளவோடு போட்டால் மென்று ஜல்லியாகத் துப்பும். மிஞ்சினால் கல் சிக்கிக்கொண்டு மோட்டார் முனகி நின்றுவிடும். அப்போது மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒரு ஆள் கடப்பாரையோடு அந்தத் தாடைகளுக்கு நடுவே இறங்க வேண்டும். தத்தூதான் இறங்குவார். அவர் இடது கையில் இரண்டு விரல்கள் பாதிதான் இருந்தன. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டுக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

பேனல் மேடையிலிருந்து நாலைந்து எட்டு தள்ளி, நடுவில் புகைமூட்டம் போலக் கல்தூசி. கல் விழ விழ மின்சாரம் ஏறி இறங்கி ஆடும் இடம் அது. அங்கே டிஜிட்டல் வைத்தால் ஓர் எண்ணைப் படிப்பதற்குள் அடுத்த எண் வந்துவிடும். முள் என்றால் படிக்கவே வேண்டாம், ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஓரக்கண்ணுக்கே தெரியும். இருப்பதிலேயே பெரிய முகம் வைத்த முள் மீட்டர்தான் வேண்டும் என்று குல்கர்ணி சாரிடம் ஒற்றைக் காலில் நின்றேன். அவர் என்னை யோசனையாகப் பார்த்துவிட்டு, சரி, உன் பொறுப்பு என்றார். பாவுசாஹேப் ஏற்றுக்கொண்டால் வேலை நிரந்தரம், பேனல் திரும்பி வந்தால் ஆறு மாதத்தோடு நிறுத்திக்கொள்வோம் என்றும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, தேதி சொல்வது போலச் சொன்னார்.

பேனலைக் கொண்டுபோய் நிறுத்தினோம். ஒரு குறை. இதற்கு மேல் போகாதே என்று காட்டும் சிவப்புக் கோடு அச்சிட்ட முகம் வேண்டுமென்றால் மீட்டர் செய்பவர்கள் தனியாகச் செய்து தர வேண்டும், நாளாகும். பாவுசாஹேப்பா பொறுப்பார்? நான் நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து, மோட்டாரின் முழுச் சுமை எந்த இடமோ அந்த இடத்தில் கண்ணாடி மேல் ஒட்டினேன். முள் சிவப்பைத் தொடப் போனால் கல் போடுவதை நிறுத்து என்று அருள் மூலமாகத் தத்தூவிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கிரஷர் நன்றாக ஓடியது. வெறும் நெற்றியோடு வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் காரணம் சொன்னேன், இரண்டு பேரும் சிரித்தோம்.

தசரா வந்தது. நம் ஊர் ஆயுத பூஜைதான், இங்கேயும் இயந்திரங்களுக்கு அன்று ராஜ மரியாதை. செண்டுமல்லி மாலை, மஞ்சள், குங்குமம். ஒருவருக்கொருவர் ஆப்டா இலையைத் தங்கம் என்று சொல்லிக் கொடுத்துக்கொள்வார்கள்.

தசரா முடிந்த அடுத்த வாரம் பாவுசாஹேப்பின் போன். ஜல்லி குறைந்துவிட்டது, லாரிகள் காத்து நிற்கின்றன, உங்கள் பேனலுக்குத் தெம்பில்லை, முள்ளைப் பிடுங்கிக்கொண்டு டிஜிட்டல் வையுங்கள், இல்லையென்றால் பேனலையே எடுத்துப் போங்கள். குல்கர்ணி சார் ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மறுநாள் வியாழக்கிழமை. விடுமுறை நாளில் அருளையும் இழுத்துக்கொண்டு போனேன்.

"காளஜி வேணாம் மேடம், கவலப்படாதீங்க, ஃபியூஸ் கீஸு எதுனா இருக்கும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார் அருள். ஃபியூஸ் நன்றாக இருந்தது. மோட்டார் நன்றாக இருந்தது. வயரிங்கில் ஒரு குற்றம் இல்லை. மேடையில் ஏறித் தத்தூவின் பக்கத்தில் நின்றுகொண்டு மீட்டரையே பார்த்தேன். கல் விழுகிறது, முள் ஏறுகிறது, பாதி வழியில் தத்தூ பொத்தானிலிருந்து கையை எடுத்துவிடுகிறார். முள் இறங்குகிறது. மறுபடி கல், மறுபடி பாதி வழி. அப்புறம்தான் என் மரமண்டைக்கு உறைத்தது. பூஜைக்குப் பேனலைத் துடைத்தபோது தூசியோடு தூசியாக என் ஸ்டிக்கர் பொட்டும் போய்விட்டது. அதற்குப் பதில் கண்ணாடிக்கு நட்ட நடுவில், நெற்றியில் வைப்பது போல, குண்டாக ஒரு குங்குமப் பொட்டு. பாவுசாஹேப்பின் மனைவி வைத்தது. சதுர மீட்டரில் கண்ணாடியின் நடு என்றால் முள்ளுக்குப் பாதி வழி.

அருளுக்கும் புரிந்துவிட்டது. "அரே மேடம், இது உங்க பொட்டு இல்லே, சாமி பொட்டு" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். தத்தூவிடம் கேட்டார். அவர் சொன்ன பதிலை அருள் தமிழில் சொன்னபோது எனக்கு வந்த சிரிப்பு நின்றுவிட்டது.

"செவப்பு வரைக்கும்னு மேடம்தானே சொன்னாங்கன்றான். செவப்பு எடம் மாறிச்சே, அத நான் ஏன் கேக்கணும்? கல்லு மாட்டுனா உள்ள எறங்கறவன் நானாச்சேன்றான்."

துடைத்து இடம் மாற்றினால் தீர்ந்தது. ஆனால் சுமங்கலி வைத்த பூஜைக் குங்குமத்தை எப்படித் துடைப்பது? அதுவும் வேலை ஊசலாடிக்கொண்டிருக்கும் நேரத்தில். எனக்குத் தைரியமில்லை. அருளோ இரண்டு எட்டு பின்னால் போய்விட்டார். குவாரியை ஒட்டித்தான் அவர்கள் வீடு. எல்லாரும் வஹினி, அதாவது அண்ணி, என்று அழைக்கும் அந்த அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினோம். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார், பின்னாலேயே பாவுசாஹேப்பும். அருள் எல்லாவற்றையும் விளக்கினார். வஹினி மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டு கொஞ்சம் சிரித்தார்.

"மக் குட்டே லாவூ?" என்றார். அப்படியானால் எங்கே வைக்கட்டும் என்று.

எல்லாரும் என் விரலைப் பார்த்தார்கள். முன்பு நான் பொட்டு ஒட்டிய இடம் எனக்குத் தெரியும். மோட்டார் அதுவரை தாங்கும். ஆனால் அந்த அளவுக்கு ஓடும்போது ஒரு பெரிய கல் கூடுதலாக விழுந்தால் தாடை சிக்கும் என்பது, அன்று மேடையில் நின்று ஒரு கல்லுக்கு முள் எவ்வளவு துள்ளுகிறது என்று பார்த்தபோது தெரிந்துவிட்டது. பக்கத்தில் கடப்பாரை சாய்ந்திருந்தது. கொஞ்சம் கீழே காட்டினால் ஜல்லி குறைகிறது என்று பேனல் திரும்பிப் போய்விடலாம், அதோடு நானும். பழைய இடத்துக்கு ஒரு விரல்கடை கீழே காட்டினேன். பாவுசாஹேப் இன்னும் மேலே, இன்னும் மேலே என்று கையை ஆட்டினார். எனக்குத் தெரிந்த மராட்டியில் சந்தேகமில்லாமல் வரும் ஒரே வார்த்தை 'நாஹி'. அதைச் சொன்னேன். விரலை அந்த இடத்திலேயே வைத்திருந்தேன்.

வஹினி கணவரின் முகத்தைப் பார்க்கவில்லை. முந்தானை நுனியை நனைத்துப் பழைய பொட்டைத் தானே துடைத்தார். சிமிழைத் திறந்து மோதிர விரலால் நான் காட்டிய இடத்தில் வைத்தார். தத்தூ கையைக் கூப்பிவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

முள் பாதி வழியைத் தாண்டி ஏறி, சிவப்புக்குக் கீழே போய் நின்று லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு அழகான நடுக்கத்தை நான் அப்புறம் பார்த்ததில்லை. சாயங்காலம் வரை அங்கேயே இருந்தோம். கல் சிக்கவில்லை, கிரஷர் ஒரு தடவைகூட நிற்கவில்லை. நிற்காமல் ஓடினாலே லாரி நிறையும் என்பது பாவுசாஹேப்புக்கும் தெரிந்தது போல. டிஜிட்டலைப் பற்றி அதன் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை. எங்களுக்கு டீயும் வடாபாவும் வந்தன.

வேலை நிரந்தரம் என்று குல்கர்ணி சாரும் வாயால் சொல்லவில்லை. அடுத்த வாரம் கூடத்துக்குப் போனால் எனக்கென்று ஒரு மேசையும் காற்றாடியும் போட்டிருந்தது. மோட்டார் ஆம்பியர் மீட்டர் எது வாங்கினாலும் சிவப்புக் கோடு அச்சிட்ட முகம்தான் வாங்க வேண்டும் என்று முடிவானது. அந்தக் கோட்டுக்கு 'மேடம் பொட்டு' என்று அருள் பெயர் வைத்தார். மராட்டிப் பையன்கள்கூட அப்படியே சொல்லப் பழகினார்கள்.

அடுத்த தசராவுக்கு பாவுசாஹேப் ஜீப் அனுப்பினார். வஹினி குங்குமத் தட்டை என் கையில் கொடுத்து, நீயே வை என்றார். அதற்குள் மாற்றியிருந்த புது முகத்தின் சிவப்புக் கோட்டுக்கு நேராக, முள்ளை மறைக்காமல், சட்டத்தின் மேல் வைத்தேன். தத்தூ ஆப்டா இலையை என் கையில் வைத்துவிட்டு, மேடையோரம் சாய்த்திருந்த கடப்பாரையைக் காட்டினார். அதற்கும் பூ சுற்றிப் பொட்டு வைத்திருந்தார்கள். என்னதான் தேய்த்துத் துடைத்திருந்தாலும் அதில் துரு ஏறியிருந்தது. வருஷம் முழுக்க அதற்கு வேலை வரவில்லை. தத்தூ அன்று கையை முதுகுக்குப் பின்னால் மறைக்கவில்லை.

இரண்டாயிரங்களில் டிஜிட்டல் வரத்தான் வந்தது. நான் ஒன்றும் அதற்கு எதிரி இல்லை. நானே எத்தனையோ வாங்கிப் பொருத்தியிருக்கிறேன், நல்ல பொருள்தான். நகரம் நடந்து நடந்து மோஷியைத் தொட்டபோது கிரஷர் நின்றது. குவாரிப் பள்ளத்தில் இப்போது தண்ணீர் நிற்கிறது, சுற்றிலும் அடுக்குமாடி. அந்தச் சுவர்களுக்குள் தத்தூ போட்ட ஜல்லியும் இருக்கும். குல்கர்ணி சார் இல்லை. போசரிக் கூடம் கூரியர் கிடங்காகிவிட்டது. சிக்ஸ் சீட்டர்கள் போன இடம் தெரியவில்லை. அருள் புனேக்கு வெளியே சாகனில் சொந்தமாகப் பேனல் செய்கிறார், எல்லாம் தொடுதிரை. 'மேடம் பொட்டு' என்றால் அங்கே வேலை செய்யும் பிள்ளைகளுக்குப் புரியாது என்று போனில் சொல்லிச் சிரித்தார்.

இந்த வருஷ ஆயுத பூஜைக்கு எங்கள் குடியிருப்பின் வாட்ச்மேன் என்னைக் கூப்பிட்டார், அடித்தளத்தில் தண்ணீர் மோட்டார் பேனலுக்குக் குங்குமம் வைக்க. போனேன். கதவில் கையளவு திரை ஒன்றுதான் இருந்தது. முள் இல்லை, முகம் இல்லை, எங்கே வைப்பது என்று தெரியாமல் தட்டோடு கொஞ்ச நேரம் நின்றேன். கடைசியில் கதவுப் பிடிக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டேன். கண்ணைத் திறந்தால் திரை தானாகவே அணைந்து கறுப்பாகக் கிடந்தது. தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் மோட்டார் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு வழி இல்லை. வாட்ச்மேன் என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள்ளட்டும் என்று இரும்புக் கதவில் காதை வைத்தேன். உள்ளே, மோட்டாருக்கு மின்சாரம் போகும்போது மட்டும் வரும் இதமான ஓர் இரைச்சல் கேட்டது. ஓடிக்கொண்டுதான் இருந்தது.